டின் பானத்துக்கு உறை வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

கேட்டரிங் தொழிலில் உணவுச் சுகாதாரத்தைக் கவனிக்கும் பொறுப்பில் இருப்பதால், சிங்கப்பூரில் திருமண விருந்தாக இருந்தாலும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) புளோக்கின் கீழ்த்தளத்தில் நடக்கும் பிறந்தநாளாக இருந்தாலும், ஐஸ் பெட்டிகள் என் பார்வையில் படாமல் போவதில்லை. டின் பானங்களோடு, குளிர்ச்சி குறையாமல் இருக்க டின்னைச் சுற்றி மாட்டும் உறைகளையும் சேர்த்துக் கேட்கும் வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். மணமக்கள் பெயரை அச்சிட்டு விருந்தினருக்கு அன்பளிப்பாகக் கொடுப்பவர்களும் உண்டு. உறையின் நிறத்தைப் பற்றியும் எழுத்தின் வடிவத்தைப் பற்றியும் நுணுக்கமாக விசாரிக்கும் இவர்கள், அது எந்த அளவு டின்னுக்குப் பொருந்தும், அடிப்பகுதி எப்படித் தைக்கப்பட்டிருக்கிறது, கழுவினால் எவ்வளவு நேரத்தில் காயும் என்பதைப் பெரும்பாலும் கேட்பதில்லை. உறை பயன்படுமா வீணாகுமா என்பதோ இந்த மூன்றில்தான் இருக்கிறது.

முதலில், குளிர்ந்த டின் நம் ஊரில் ஏன் இவ்வளவு விரைவாகச் சூடாகிறது என்பதைப் பார்ப்போம். வெயில்தான் காரணம் என்று பொதுவாக நினைக்கிறோம். ஆனால், காற்றில் இருக்கும் ஈரத்துக்கும் இதில் பெரும் பங்கு உண்டு. வெப்பநிலை 31 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 70 விழுக்காடு என்று இருக்கும் ஒரு சாதாரண நாளில், ஏறக்குறைய 25 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பரப்பின் மீதும் காற்றிலுள்ள நீராவி நீராகப் படியும். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த டின்னின் அலுமினியம் நான்கைந்து டிகிரியில் இருப்பதால், எடுத்த சில நொடிகளிலேயே அதன் மேல் பனித்துளிகள் பூக்கத் தொடங்கிவிடுகின்றன. அப்படி நீராவி நீராக மாறும்போது, ஒரு கிராமுக்குச் சுமார் 2,450 ஜூல் வெப்பத்தை டின்னிடம் விட்டுச் செல்கிறது. மூன்று கிராம் நீர், அதாவது அரைத் தேக்கரண்டியைவிடச் சற்றே அதிகம், டின்னின் வெளியே படிந்தால் அந்த வெப்பம் மட்டுமே உள்ளேயிருக்கும் 325 மில்லிலிட்டர் பானத்தை ஏறத்தாழ ஐந்து டிகிரி உயர்த்தப் போதுமானது. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வளிமண்டல அறிவியலாளர்கள் டேல் டுரானும் டார்கன் ஃபிரியர்சனும் 2013இல் இதையே சோதனை செய்து காட்டினார்கள். உறையின் முதன்மையான பயன் இந்த நீர்ப்படிவைக் குறைப்பதாகவே இருக்கலாம் என்பது அவர்களது கருத்து.

இதை வீட்டிலேயே சரிபார்க்கலாம். ஒரே குளிர்பெட்டியிலிருந்து இரண்டு டின்களை எடுத்து, இரண்டையும் நன்றாகத் துடைத்து, ஒன்றுக்கு மட்டும் உறை போட்டு, சமையலறைத் தராசில் தனித்தனியே நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். குளிரூட்டி இல்லாத இடத்தில் கால் மணி நேரம் வைத்திருந்து மீண்டும் நிறுத்தால், வெறும் டின்னின் எடை கூடியிருப்பது எண்ணிலேயே தெரியும். அதன் அடியில் மேசைமீது வட்டமாக நீர் தேங்கியிருக்கும். உறை போட்ட டின்னிலும் மேல்மூடியில் துளிகள் இருக்கும், உறையின் வெளித்துணிகூடச் சற்று ஈரமாகலாம். மெல்லிய உறை நம் ஊர்க் காற்றில் நீர் படிவதை அடியோடு நிறுத்திவிடாது, ஆனால் வெகுவாகக் குறைக்கும். 'கைகூட நனையாது' என்று சொல்லி விற்பவர்களின் பேச்சை இந்த ஒரு சோதனையோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

உறை ஒரு தடுப்பே தவிர குளிர்சாதனம் அன்று என்பதும் இதிலிருந்து விளங்கும். அறை வெப்பத்தில் இருக்கும் டின்னுக்கு உறையை மாட்டி அப்படியே ஐஸில் புதைத்தால், வெளியேற வேண்டிய வெப்பத்தை உறை உள்ளேயே நிறுத்தி வைக்கிறது. உறையும் நனைந்து கனத்துப் போகிறது. முதலில் டின்னைத் தனியாகக் குளிர வைக்க வேண்டும். அதற்கும் வெறும் ஐஸ் கட்டிகளைவிட, ஐஸும் தண்ணீரும் கலந்த பெட்டியே விரைவானது, ஏனெனில் கட்டிகள் டின்னை ஆங்காங்கே மட்டுமே தொடும், நீரோ முழுப் பரப்பையும் தழுவி நிற்கும். குளிர்ந்த டின்னை எடுத்ததும் துடைத்து, உலர்ந்த பரப்பின் மீது உறையை மாட்டினால்தான் உள்ளே ஈரம் சிறைப்படாது.

இனி அளவு. கடைகளில் ஒரே வரிசையில் அடுக்கியிருக்கும் டின்கள் ஒரே பருமன் உடையவை அல்ல. பழைய வடிவமான 330 மில்லிலிட்டர் டின்னின் விட்டம் ஏறக்குறைய 66 மில்லிமீட்டர். அதே 330 மில்லிலிட்டரை உயரமான ஒடுங்கிய வடிவில் அடைத்தால் விட்டம் சுமார் 58 மில்லிமீட்டராகக் குறைகிறது. சக்தி பானங்கள் வரும் 250 மில்லிலிட்டர் ஒல்லி டின் 53 மில்லிமீட்டர்தான். பருமனான டின்னுக்குத் தைத்த உறையில் ஒல்லி டின்னை இறக்கினால், சுற்றிலும் விழும் இடைவெளியில் ஈரக்காற்று தாராளமாகப் போய்வரும், துளிகள் வழிந்து அடியில் தேங்கும், குடிப்பதற்காகச் சாய்க்கும்போது டின் நழுவும், அடியில் தேங்கிய நீர் சட்டையில் கொட்டும். ஆகவே எந்தப் பானம் பரிமாறப்படும் என்பதை உறுதி செய்த பிறகே உறைக்கு ஆர்டர் கொடுக்க வேண்டும். பானம் மாறினால் டின்னும் மாறலாம் என்பதை ஏற்பாட்டாளர்கள் மறந்துவிடுகிறார்கள்.

பொருளைப் பொறுத்தவரை, சந்தையில் எளிதாகக் கிடைப்பவை மூன்று வகை. மலிவான நுரை உறைகள் ஒரு விருந்துக்குப் போதும், ஆனால் ஓரங்கள் விரைவில் நைந்துவிடும். நியோபிரீன் என்பது 1930களின் தொடக்கத்தில் டுபான்ட் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த செயற்கை ரப்பர். முக்குளிப்போரின் உடைக்குப் பயன்படும் அதே நுரை வடிவத்தில்தான் உறையாகவும் தைக்கப்படுகிறது. அதன் நுரைக்குள் மூடிய சிறு காற்றறைகள் இருப்பதால் ரப்பர் தண்ணீரை உறிஞ்சாது, இருபுறமும் ஒட்டிய துணிதான் உறிஞ்சும். திறந்தவெளி விருந்துக்கு மூன்று மில்லிமீட்டரைவிட ஐந்து மில்லிமீட்டர் தடிமன் நிச்சயம் மேல். வாங்குமுன் ஒரு மாதிரியை உட்புறம் வெளியே தெரியும்படி திருப்பிப் பாருங்கள்: அடிவட்டம் பக்கச்சுவரோடு சேரும் இடத்தில் தையல் நெருக்கமாக ஓடுகிறதா, கட்டைவிரலால் அழுத்தினால் தையற்கண் பிளந்து வெளிச்சம் தெரிகிறதா, பசை வாடை அடிக்கிறதா என்று கவனியுங்கள். அடியில் ஒரு சிறு துளை இருந்தால் அது குறையன்று. டின்னை உள்ளே தள்ளும்போது காற்று வெளியேறவும், உருவும்போது இழுத்துப் பிடிக்காமல் இருக்கவும் அது உதவுகிறது. எங்களுக்கு ஒரு முறை வந்த சரக்கில் பாதி உறைகளின் அடிவட்டம் பசையால் மட்டுமே ஒட்டப்பட்டிருந்தது. முதல் கழுவலிலேயே கழன்றுவிட்டது. சிலருக்கு நியோபிரீன் தயாரிப்பில் சேர்க்கப்படும் வேதிப்பொருள்களால் தோலில் அரிப்பும் தடிப்பும் ஏற்படுவதுண்டு என்பதால், கையில் சிவப்பு தெரிந்தால் பயன்பாட்டை நிறுத்துவது நல்லது.

மூன்றாவது வகை, இரட்டைச் சுவருக்கிடையே வெற்றிடம் உடைய துருப்பிடிக்காத எஃகு உறை. விலை அதிகம், கனமும் அதிகம், ஆனால் அதன் வெளிப்புறம் நனைவதில்லை. ஒரு நாள் அதன் வெளிச்சுவர் சில்லென்று ஆகி வியர்க்கத் தொடங்கினால், கீழே விழுந்ததிலோ நசுங்கியதிலோ வெற்றிடம் போய்விட்டது என்று பொருள்.

என் துறைக்கு மிக நெருக்கமானது தூய்மை. நனைந்த உறைகளை ஒரு பிளாஸ்டிக் பையில் திணித்துக் கட்டி வண்டியில் போட்டுவிட்டு மறுநாள் திறந்தால், புளித்த வாடை முகத்தில் அடிக்கும். இனிப்புப் பானமும் ஈரமும் வெப்பமும் சேர்ந்த இடத்தில் பூஞ்சை வளர அதிக நேரம் தேவையில்லை. விருந்து முடிந்த அன்றே, வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்பு சிறிது கலந்து அலசி, உட்புறத்தை வெளியே திருப்பி, காற்றோட்டமான நிழலில் காயவைக்க வேண்டும். குளோரின் பிளீச் நியோபிரீனைக் கெடுக்கும், சூடான உலர்த்தியும் ஆகாது. தையலுக்குள் கரும்புள்ளிகள் தென்பட்ட உறையைத் தேய்த்துக் காப்பாற்ற முயலாமல் தூக்கி எறிவதே என் வழக்கம். இரவல் கொடுத்து வாங்கும் உறைகளை இடையில் கழுவாமல் இன்னொருவரிடம் கொடுக்கக்கூடாது. உறை இருப்பதால் டின்னின் மேல்மூடி சுத்தமாகிவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: பலருடைய கை நுழைந்த ஐஸ் பெட்டியின் உருகிய நீர்தான் அந்த விளிம்பில் நிற்கிறது, நம் உதடு படும் இடமும் அதுதான். திறப்பதற்கு முன் சுத்தமான டிஷ்யூவால் துடைத்துவிடுங்கள்.

உறை டின்னின் விவரங்களை மறைக்கிறது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. 2022 டிசம்பர் 30 முதல் சிங்கப்பூரில் விற்கப்படும், சர்க்கரை மிகுந்த டின் பானங்களில், பானத்தின் தரத்தை A முதல் D வரையிலான எழுத்தால் காட்டும் 'நியூட்ரி-கிரேட்' தரக்குறியீடு இருக்க வேண்டும். நீரிழிவு உள்ள விருந்தினருக்கு அந்த எழுத்து முக்கியம். ஆகவே டின்களை உறையின்றி அடுக்கி, உறைகளைப் பக்கத்தில் தனியாக வைத்து, விருந்தினர் பார்த்து எடுத்துத் தாமே மாட்டிக்கொள்ளும்படி செய்வதே முறை. பீர் டின்னுக்கு உறை போட்டால் கண்டுகொள்ள மாட்டார்கள் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: பொது இடங்களில் இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை மது அருந்தத் தடை 2015 முதல் நடப்பில் இருக்கிறது, லிட்டில் இந்தியாவிலும் கேலாங்கிலும் வார இறுதிகளில் அது இன்னும் நீளும், உறைக்கு விலக்கு எதுவும் இல்லை.

கடைசியாகக் காலி டின்கள். 2026 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வரும் திட்டத்தின்படி, 150 மில்லிலிட்டர் முதல் மூன்று லிட்டர் வரையிலான, வைப்புத்தொகைக் குறியிட்ட பிளாஸ்டிக் போத்தல்களுக்கும் உலோக டின்களுக்கும் 10 காசு வைப்புத்தொகை உண்டு. காலி டின்னை நசுக்காமல், பட்டைக்குறியீடு தெரியும்படி திரும்பக் கொடுத்தால்தான், காலி டின்களை வாங்கும் இயந்திரம் அதை ஏற்று அந்தத் தொகையைத் திருப்பித் தரும். எனவே விருந்து நடக்கும் இடத்தில் டின்களுக்கு ஒரு பெட்டியையும் கழற்றிய உறைகளுக்கு ஒரு கூடையையும் அருகருகே வைத்து, எது எதற்கு என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டிவிடுங்கள்.