சான்றிதழில் யார் கையொப்பம் என்று பாருங்கள்

உயர்தரப் பெறுபேறு வெளியானதும் மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியாப் பக்கம் மதில்களில் புதிய விளம்பரங்கள் ஏறிவிடும். "ஆறே மாதத்தில் முன்பள்ளி டிப்ளோமா, வேலை நிச்சயம்." தொழில் வழிகாட்டல் ஆசிரியரான என்னிடம் அந்த வாரங்களில் வரும் பெற்றோர் பலர் ஒரே முடிவோடுதான் வருகிறார்கள். புள்ளி குறைந்த மகள் முன்பள்ளிக்கு. புள்ளி கூடிய மகன் பொருளியலுக்கு. முதலாவது "பிள்ளை பார்க்கிற வேலை"யாம், மற்றது வங்கி உத்தியோகமாம். இரண்டுமே தப்புக்கணக்கு.

காசு போகும் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இலங்கையில் பட்டம் என்றால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அங்கீகாரம் வேண்டும். தொழிற்கல்வி என்றால் மூன்றாம் நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழு. அங்கே தேசிய தொழிற்தகைமை ஏழு மட்டங்களாக இருக்கிறது: 4 வரை சான்றிதழ், 5, 6 டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். நிறுவனம் பதிவு செய்யப்பட்டிருப்பது வேறு, அது நடத்தும் பாடநெறி அங்கீகாரம் பெற்றிருப்பது வேறு. விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் இருப்பது பெரும்பாலும் முதலாவதுதான். "இந்தப் பாடநெறி எந்த மட்டம்?" என்று கேளுங்கள். பதில் சுற்றி வளைத்து வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

காதுத் தோட்டை அடகு வைத்து மகளைச் சேர்த்த ஒரு தாயை எனக்குத் தெரியும். கொழுந்து குறைந்த நாளில் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போடப்படும் வீட்டில் அது சிறிய தொகை அல்ல. அந்தப் பெண் நன்றாகவே படித்தாள். மேற்படிப்புக்கு விண்ணப்பித்தபோதுதான் கையிலிருந்த டிப்ளோமா எந்த மட்டத்திலும் சேராது என்று தெரிந்தது.

இன்னொரு குழப்பம், முன்பள்ளியையும் ஆரம்பப் பிரிவையும் ஒன்றென்று நினைப்பது. பத்தனையிலுள்ள ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரியில் ஆரம்பக் கல்வி படித்து வெளியேறுபவர் அரச பாடசாலையில் முதலாம் ஆண்டு முதல் ஐந்தாம் ஆண்டு வரை கற்பிப்பவர். இலங்கை ஆசிரியர் சேவைக்குள் வருகிறார். முன்பள்ளி ஆசிரியை அந்தச் சேவையில் இல்லை. கட்டாயக் கல்வி 5 வயதில்தான் தொடங்குகிறது. அதற்கு முந்திய பருவம் மாகாண சபைகளின் மேற்பார்வையில், பெரும்பாலும் தனியார், தொண்டு நிறுவனங்கள், மதத் தலங்கள் கையில் கிடக்கிறது. சம்பளம் குறைவு. இதை மறைத்து ஒரு பிள்ளையையும் நான் அனுப்புவதில்லை.

ஆனால் வேலையின் பெறுமதி என்ன என்று கேட்டால், பதில் பொருளியலிலிருந்துதான் வருகிறது. 1962இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பெரி முன்பள்ளி ஆய்வு தொடங்கியது. வறிய கறுப்பினக் குடும்பங்களைச் சேர்ந்த 123 பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு மட்டும் முன்பள்ளி. பிறகு இரு பகுதியினரையும் 40 வயது வரை பின்தொடர்ந்தார்கள். 2000ஆம் ஆண்டு பொருளியல் நோபல் பெற்ற ஜேம்ஸ் ஹெக்மனும் அவரது குழுவினரும் அதற்குச் செலவான பணத்தின் வருடாந்த வருவாய் வீதத்தை 7 முதல் 10 சதவீதம் என்று கணித்தனர். இந்த எண்ணைச் சொல்பவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அங்கே கற்பித்தவர்கள் பட்டதாரி ஆசிரியர்கள். ஒருவருக்கு ஐந்தாறு பிள்ளைகள்தான். வாரந்தோறும் வீட்டுக்கும் போனார்கள். ஆறு மாத டிப்ளோமாவுக்கு அந்த எண்ணைச் சாட்சிக்கு அழைக்க முடியாது.

நம் பக்கத்தில் தேவை இன்னும் கூர்மையானது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரமில்லாத பிள்ளைகள் நாடளாவிய ரீதியில் 17 சதவீதம்; தோட்டத் துறையில் 32. தாய்மார் வேலைக்குப் போகையில் பிள்ளைகளை விட்டுச்செல்லும் பழைய பிள்ளை மடுவங்கள் இன்று பெயர்ப்பலகையில் சிறுவர் அபிவிருத்தி நிலையங்கள். அங்கே நிற்பவருக்குத் தொட்டில் ஆட்டத் தெரிந்தால் போதாது. போசாக்கு, மொழி வளர்ச்சி, விளையாட்டு எல்லாம் தெரிய வேண்டும். இதை முறையாகப் படிக்க விரும்புவோருக்கு நான் முதலில் சொல்வது திறந்த பல்கலைக்கழகத்தை. அதன் கல்விப் பீடத்தில் முன்பிள்ளைப் பருவ, ஆரம்பக் கல்விக்கெனத் தனித்துறை இருக்கிறது. வேலை செய்துகொண்டே படிக்கலாம். கட்டணம் உண்டு, ஏனைய அரச பல்கலைக்கழகங்களைப் போல் இலவசமல்ல. கண்டிப் பிராந்திய நிலையத்தில் அந்த ஆண்டுக்கான தமிழ்மொழி வகுப்பு எது என்று நேரில் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

இனிப் பொருளியல். பேராதனையில் பொருளியல் படிக்க விரும்புபவர் பெரும்பாலும் கலைப்பீடத்துக்குத்தான் தெரிவாகிறார். அதனால் மாணவர் அனுமதிக் கையேட்டில் "பொருளியல்" என்ற பெயரை மட்டும் தேடிவிட்டு வாய்ப்பில்லை என்று முடிவுகட்ட வேண்டாம். முதலாம் ஆண்டுப் பெறுபேறு நன்றாக இருந்தால்தான் நான்கு வருடச் சிறப்புப் பட்டம். இல்லாவிட்டால் மூன்று வருடப் பொதுப் பட்டம். யாழ்ப்பாணத்திலும் வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் இப்பாடம் உண்டு. நம் பிள்ளைகள் அங்கே தடுக்கி விழுவது கோட்பாட்டிலல்ல, கணிதத்திலும் புள்ளிவிபரவியலிலும்தான். உயர்தரப் பொருளியலில் வரைபடத்தை மனப்பாடம் செய்து ஏ எடுத்தவரும் வகையீட்டைக் கண்டதும் திகைத்துப்போகிறார். பெறுபேறு வந்து பல்கலைக்கழகக் கதவு திறக்கும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க நேர்கிறது. அந்த இடைவெளியில் கொழும்புக் கடைக்கு வேலைக்குப் போகிறவர்களும் கணிதப் பிரிவில் படித்த நண்பனின் பழைய கொப்பிகளை வாங்கிவைத்துக்கொண்டு, இரவில் ஒரு மணி நேரமாவது வகையீட்டுக் கணக்குகளைப் போட்டுப் பார்க்கட்டும்.