மின்பகுளியைத் திரவமாக்காதீர்கள்

'திட ஆக்சைடு எரிபொருள் மின்கலத்தின் மின்பகு திரவம் திண்ம நிலையில் உள்ளது.' இப்படி ஒரு வரியை எத்தனை மொழிபெயர்ப்புகளில்தான் படிப்பது? திண்ம நிலையில் எப்படி ஐயா திரவம் இருக்கும்?

இப்படி 'மின்பகு திரவம்' ஆக்கப்படும் எலெக்ட்ரோலைட் என்ற சொல்லை 1834-இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் மைக்கேல் ஃபாரடே. 'லைட்' என்ற பின்பாதி கிரேக்கத்தில் பிரிபடுவதைக் குறிக்கும். மின்பகுளி என்ற தமிழ்ச்சொல்லும் அதையே சொல்கிறது. திரவம் நாமாக ஒட்டவைத்தது, கார் பேட்டரி அமிலத்தைப் பார்த்துப் பழகியதால்.

இந்த மின்கலம் ஒரு பக்க மின்வாயில் எரிபொருளையும் மறுபக்க மின்வாயில் காற்றையும் செலுத்தி மின்சாரம் எடுப்பது. இரண்டுக்கும் நடுவே மின்பகுளியாகப் பெரும்பாலும் இருப்பது இட்ரியா (இட்ரியம் ஆக்சைடு) கலந்த சிர்க்கோனியா (சிர்க்கோனியம் ஆக்சைடு) என்ற பீங்கான். இட்ரியம் சேரும்போது படிகத்தில் ஆக்சிஜனுக்குரிய சில இடங்கள் காலியாகின்றன. ஆக்சைடு அயனிகள் அந்தக் காலியிடங்கள் வழியே தாவித் தாவிப் போகின்றன. 800 முதல் 1000 டிகிரி செல்சியஸில் இது நன்றாக நடக்கும். 600-க்கு இறக்கினால் தாவல் மந்தமாகிவிடும். அதனால்தான் பீங்கானைச் சில மைக்ரோமீட்டர் படலமாக மெலிதாக்குகிறார்கள், அல்லது கடோலினியம் கலந்த சீரியா (சீரியம் ஆக்சைடு) என்ற வேறொரு பீங்கானுக்கு மாறுகிறார்கள். 'திரவம்' என்று படித்த மாணவருக்கு இதில் எது விளங்கும்?

சரி, 'அயனிக்கடத்தி' என்போம் என்கிறார்கள் சிலர். இங்கே எதுவும் பகுபடவில்லையே என்பது அவர்கள் வாதம். அது உண்மைதான். ஆனாலும் நான் ஏற்கமாட்டேன். வெப்பம் குறைந்தால் காற்றுப்பக்க மின்வாயிலும் வினை மந்தமாகிறது. அதற்காக அங்கே லாந்தனம், ஸ்ட்ரான்சியம், கோபால்ட், இரும்பு சேர்ந்த ஆக்சைடை வைக்கிறார்கள். அது எலெக்ட்ரானோடு அயனியையும் கடத்தும். அப்படியானால் மின்வாயும் அயனிக்கடத்திதானே! நடுவில் இருப்பதை எந்தப் பெயரால் பிரித்துக் காட்டுவது? அப்புறம், நடுவில் இருப்பது எலெக்ட்ரானைத் தன் வழியே போகவிடவே கூடாது. சீரியாவின் பெரிய குறையே எரிபொருள் பக்கத்தில் எலெக்ட்ரானைக் கசியவிட்டு மின்னழுத்தத்தைக் குறைப்பதுதான். 'கடத்தி' என்று பெயர் வைத்தால் அந்தத் தடுப்பு வேலை மறைந்தே போகும். மின்பகுளியும் அதைச் சொல்வதில்லை என்பீர்கள். ஆனால் அது இரு மின்வாய்களுக்கும் நடுவே இருப்பதற்கென்றே பள்ளிப் பாடத்தில் ஊன்றிவிட்ட சொல். வேறு எதனோடும் குழம்பாது.

ஆகவே 'திண்ம மின்பகுளி' என்றே எழுதுங்கள். அகராதியைப் புரட்டுமுன் அந்த மின்கலத்தின் குறுக்குவெட்டுப் படத்தை ஒருமுறை பாருங்கள்.