மூன்று மணி நேரக் குடல்

பங்குனி மாத விடுமுறைக்குக் கோவையிலிருந்து வந்த அண்ணன் மகள், வந்ததும் வராததுமாக அலைபேசியை என் முன் நீட்டினாள். திரையில் ஒரு ஃபெரட். நீள உடம்பு, குட்டைக் கால், கண்ணைச் சுற்றி முகமூடி போட்டதுபோலக் கறுப்புப் பட்டை.

"சித்தப்பா, கீரிப்பிள்ளை மாதிரியே இருக்குதுல்ல? இதை வீட்டுல வளர்க்கலாமாம். பூனைக்கு வைக்கிற மாதிரி பால் சோறு வச்சாப் போதுமா?"

நாங்கள் இருப்பது கொழிஞ்சாம்பாறைப் பக்கம். மாவட்டம் பாலக்காடு, வீட்டிலும் கடைவீதியிலும் பேச்சு தமிழ். இங்கே பூனைக்கும் நாய்க்கும் மிச்சச் சோறு போட்டே பழக்கம். அதனால் அவள் கேட்டதில் தப்பே இல்லை. ஆனால் ஃபெரட்டுக்கு அந்தக் கணக்கு செல்லாது. ஏன் என்று தெரிய அதன் வயிற்றுக்குள் போய்ப் பார்க்க வேண்டும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஃபெரட் கீரி இல்லை. கீரி நம் நாட்டுக் காட்டுயிர். அதைப் பிடித்து வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். உறவு முறையிலும் கீரி பூனைக்கு நெருக்கம். ஃபெரட் நம் ஆறுகளில் இருக்கும் நீர்நாயின் குடும்பம். ஐரோப்பியக் காடுகளில் திரியும் போல்கேட் என்ற சிறு வேட்டை விலங்கை, வளைக்குள் ஒளியும் முயலை வெளியே விரட்டுவதற்காக மனிதர்கள் பழக்கினார்கள். இரண்டாயிரம் ஆண்டுக்கு மேலாக அப்படி வீட்டோடு வளர்ந்ததுதான் ஃபெரட். அந்தக் கயிறு போன்ற உடம்பு முயல் வளைக்குள் நுழைய வசதியானது.

அப்படி நீண்டு மெலிந்த உடம்புக்கு ஒரு செலவு உண்டு. எடைக்கு அதன் தோல் பரப்பு அதிகம், வெப்பம் சீக்கிரம் வெளியேறிவிடும். ஈடுகட்ட உள்ளே அடுப்பு எப்போதும் நன்றாக எரிய வேண்டும், அதாவது செறிவான உணவு அடிக்கடி போய்க்கொண்டிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடைக்கு அவளையும் கூட்டிப் போனேன். கடைக்காரர் ஆட்டுக்குடலைக் கழுவ எடுத்திருந்தார். ஒரு முனையை விரலில் சுற்றி இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது; வாளி நிறைந்தும் முடியவில்லை. ஆட்டின் சிறுகுடல் மட்டும் ஏறக்குறைய இருபது மீட்டர். இலை தழையில் இருக்கும் சத்தைப் பிரித்தெடுக்க அவ்வளவு தூரமும் நேரமும் வேண்டும். நுண்ணுயிரிகள் அதை ஊறவைத்து நொதிக்கவைக்க நான்கு அறை வயிறும் வேண்டும். "ஃபெரட்டோட குடல் எவ்வளவு நீளம் இருக்கும்?" என்று கேட்டாள். சுமார் இரண்டு மீட்டர். அந்த வாளியில் அடியைக்கூட மூடாது.

இரண்டு மீட்டர் குழாயில் தின்றது எவ்வளவு நேரம் தங்கும்? வாயில் போனது மூன்று, நான்கு மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். நமக்கு அதே பயணம் ஒரு நாளைத் தாண்டும். போதாததற்கு, நார்ப்பொருளை நொதிக்கவைக்கும் இடமான குருட்டுக்குடல் ஃபெரட்டுக்குக் கிடையவே கிடையாது. சோறு, சப்பாத்தி, வாழைப்பழம், கேரட் எது போட்டாலும் பாதி செரிமானத்திலேயே கடந்து போய்விடும். வயிறு நிறைந்த மாதிரி தெரியும். உடம்புக்குச் சேர்வது கொஞ்சம். மூன்று மணி நேரத்தில் சத்தைக் கொடுத்துவிடும் பொருள் விலங்குப் புரதமும் கொழுப்பும்தான். அதனால்தான் ஃபெரட் தீவனத்தின் ஈரம் நீக்கிய எடையில் முப்பது முதல் நாற்பது சதவீதம் புரதமும், பதினைந்து முதல் முப்பது சதவீதம் கொழுப்பும் இருக்க வேண்டும், நார் மூன்று சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறார்கள்.

பல்லும் இதற்கு ஏற்றபடிதான். மொத்தம் 34 பற்கள். தாடை கதவுக் கீல் போல மேலும் கீழும் மட்டும் அசையும், ஆடு மாடு அசைபோடுவது போலப் பக்கவாட்டில் அரைக்க வராது. மேல் கடைவாய்ப் பல்லும் கீழ்க் கடைவாய்ப் பல்லும் கத்தரிக்கோல் மாதிரி ஒன்றையொன்று உரசித் துண்டு போடும், அவ்வளவுதான்.

குடலோடு விஷயம் முடியவில்லை. புரதத்தை எரிக்கும்போது அம்மோனியா உண்டாகும், அதைக் கல்லீரல் யூரியாவாக மாற்றி வெளியேற்றும். இந்த வேலைக்கு அர்ஜினின் என்ற அமினோ அமிலம் வேண்டும். பட்டினி கிடந்த இளம் ஃபெரட்டுகளுக்கு அர்ஜினின் இல்லாத உணவு கொடுத்துப் பார்த்தபோது, சில மணி நேரத்திலேயே ரத்தத்தில் அம்மோனியா ஏறி மூளை தடுமாறியது. கறியில் அர்ஜினின் தாராளமாக இருப்பதால் வேட்டையாடும் விலங்குக்கு அது ஒருபோதும் குறைந்ததில்லை. நாம் தட்டில் பால் சோறு வைக்கும்போதுதான் குறையே தொடங்குகிறது.

சரி, அப்போ கோழிக்கறி வாங்கிப் போட்டால் போதுமா? பலரும் சறுக்கும் இடம் இதுதான். நூறு கிராம் எலும்பில்லாக் கோழிக்கறியில் பாஸ்பரஸ் ஏறக்குறைய 200 மில்லிகிராம், கால்சியம் 10 மில்லிகிராம்தான். இரண்டும் கிட்டத்தட்ட சமமாக இருக்க வேண்டிய உணவில் ஒன்று இருபது மடங்கு ஏறினால், ரத்தத்தில் குறையும் கால்சியத்தை உடம்பு சொந்த எலும்பிலிருந்து உருவி எடுக்கும். வளரும் குட்டிக்கு எலும்பு மெலிந்து முறியும். எலியை முழுசாகத் தின்னும் விலங்குக்கு அந்த எலும்பிலேயே கால்சியம் கிடைத்துவிடுகிறது. பச்சைக் கறி ஊட்டுகிறவர்கள் எண்பது பங்கு தசை, பத்துப் பங்கு மென்று தின்னக்கூடிய எலும்பு, பத்துப் பங்கு கல்லீரல் போன்ற உள்ளுறுப்பு என்று கணக்கு வைப்பது இதனால்தான். இதயம் அவசியம் சேர்க்க வேண்டும், அதில் டாரின் என்ற சத்து அதிகம். வேகவைத்தால் டாரினில் ஒரு பகுதி தண்ணீரோடு போய்விடும். வெந்த எலும்பைக் கொடுக்கவே கூடாது. அது கூராகச் சிதறிக் குடலைக் குத்தும்.

பச்சைக் கறிதான் சிறந்தது என்று நான் சொல்லமாட்டேன். சால்மோனெல்லா கிருமி உறைபெட்டிக்குள் வைத்தாலும் சாகாது, அந்தக் கறியைத் தொட்ட கையும் கத்தியும் நம் சமையலறையிலேயே புழங்குகின்றன. எல்லைப்புறத்தில் இருக்கும் எங்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு. ஆலப்புழைப் பக்கம் வாத்துகளுக்குப் பறவைக் காய்ச்சல் வந்தால், மீனாட்சிபுரம், கோபாலபுரம், வேலந்தாவளம் சோதனைச்சாவடிகளில் லாரிச் சக்கரங்களுக்கு மருந்து தெளிப்பதைப் பார்த்திருக்கிறோம். காய்ச்சல் கிருமிக்கு ஃபெரட் அவ்வளவு எளிதில் ஆட்படும். 1933இல் மனித இன்ஃப்ளூயன்சா வைரஸை லண்டனில் முதன்முதலாகப் பிரித்தெடுத்ததே ஃபெரட்டுகளின் மூலம்தான். நமக்குச் சளிக்காய்ச்சல் என்றாலும் அதன் பக்கத்தில் போகக் கூடாது. நல்ல தரமான உலர் தீவனம் கைக்கெட்டும் வீட்டில், பறவைக் காய்ச்சல் செய்தி வரும் மாதங்களிலாவது பச்சைக் கோழியை நிறுத்திவிடுவதுதான் எனக்குச் சரியென்று படுகிறது.

உலர் தீவனத்திலும் மாவுச்சத்து உண்டு. நடுவயதைத் தாண்டிய ஃபெரட்டுகளுக்குக் கணையத்தில் கட்டி வந்து, இன்சுலின் மிதமிஞ்சிச் சுரந்து, சர்க்கரை இறங்கிச் சுருண்டு விழுவது அடிக்கடி காணப்படும் நோய். மாவுச்சத்துதான் காரணம் என்று உறுதியாகவில்லை, சந்தேகம் மட்டும் இருக்கிறது. அதனால் பொட்டலத்தின் பின்பக்கத்தில் முதலில் கறியின் பெயர் இருக்கிறதா, சோளத்தின் பெயர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது. தட்டும் ஒருபோதும் காலியாக இருக்கக் கூடாது. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பசிக்கும் பிராணி அது.

எல்லாவற்றையும்விட என்னை யோசிக்க வைத்தது குட்டிப் பருவம். பிறந்து அறுபதாம் நாளிலிருந்து தொண்ணூறாம் நாள் வரை எந்த வாசனையோடு உணவு வருகிறதோ, அதைத்தான் ஃபெரட் வாழ்நாள் முழுக்க உணவென்று நம்பும். அந்த ஒரு மாதத்தில் கோழியின் வாசனையே தெரியாமல் வளர்ந்த குட்டிக்கு முன்னால் பச்சை ஈரலை வைத்தால் முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும். பசியோடு இருந்தாலும் அப்படித்தான். பெரியதான பிறகு மாற்ற வேண்டுமென்றால் தெரிந்த தீவனத்தில் துளித்துளியாகப் புதிய வாசனையைக் கலந்து, வாரக்கணக்கில் பொறுமையாக இருக்க வேண்டும்.

அப்புறம் வெயில். ஃபெரட்டுக்கு வியர்த்துக் குளிர வழியில்லை. முப்பது டிகிரியைத் தாண்டினாலே ஆபத்துப் பக்கம் போய்விடும். பாலக்காட்டில் கோடையில் நாற்பதைத் தொடும். பெண் ஃபெரட் இணைசேராமலே இருந்தால் இணைதேடும் பருவம் நீண்டுகொண்டே போய், ஈஸ்ட்ரோஜென் என்ற பெண் ஹார்மோன் எலும்பு மஜ்ஜையைக் கெடுத்து, ரத்தம் ஊறாமல் செத்துப்போகவும் கூடும். இதற்கும், நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் நோய்த் தடுப்பூசிக்கும் ஃபெரட்டைப் பார்த்துப் பழகிய மருத்துவர் வேண்டும். எங்கள் பக்கத்து மருத்துவர் ஆடு மாடு பார்ப்பதில் கெட்டிக்காரர், ஃபெரட்டைத் தொட்டதில்லை என்று நேராகவே சொல்லிவிட்டார்.

அன்று மதியம் அண்ணன் மகள் விற்பவருக்குப் போன் போட்டாள். குட்டிக்கு வயது நான்கு மாதம். இதுவரை என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டதற்கு, "பாலும் பிஸ்கட்டும்தான், நல்லாத் திங்குது" என்றார். அவள் விரலை மடக்கி நாளை எண்ணினாள். அப்புறம் மாடி அறைக்குப் போய்ச் சுவரில் வெப்பமானியை மாட்டிவிட்டு வந்தாள். மூன்று மணிக்கு நான் ஏறிப் பார்த்தேன். முப்பத்தாறு.