மணிக்கு 23 கற்கள்

"25ஆம் நாள்: மேற்பார்வையாளர் மெரெர் தன் ஆட்களுடன் தெற்குத் துராவில் கல் இழுத்தார், இரவு அங்கேயே தங்கல். 26ஆம் நாள்: கல் ஏற்றிய படகுடன் துராவிலிருந்து புறப்பாடு, இரவு குஃபுவின் ஏரியில் தங்கல். 27ஆம் நாள்: அங்கிருந்து பிரமிடுக்கு. 28ஆம் நாள்: காலையில் கிளம்பித் துராவுக்குத் திரும்புதல். 29ஆம் நாள்: துராவில் கல் இழுத்தல்."

சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட ஒரு நாட்குறிப்பின் சாரம் இது. கடவுளும் இல்லை, மன்னர் புகழும் இல்லை. லாரி ஓட்டுநரின் டிரிப் ஷீட்டைப் போலப் புறப்பாடும் இறக்கமும் மட்டுமே. பிரமிடு எப்படிக் கட்டப்பட்டது என்பதற்குக் கிடைத்த எழுத்துச் சான்றுகளில் இதைவிட மதிப்புள்ளது வேறெதுவும் இல்லை என்பேன். 2013இல் பிரெஞ்சுத் தொல்லியலாளர் பியேர் தாலேயின் குழு இந்தப் பாப்பிரஸ் ஏடுகளைக் கண்டெடுத்தது. இதுவரை கிடைத்த எழுதப்பட்ட பாப்பிரஸ்களில் இவையே மிகப் பழையவை. ஏட்டிலேயே ஆண்டுக் குறிப்பு உண்டு: "13ஆவது மாட்டுக் கணக்கெடுப்புக்கு அடுத்த ஆண்டு". அந்தக் கணக்கெடுப்பு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடந்தது என்று கொண்டால், எகிப்து மன்னர் குஃபு ஆட்சியின் 26 அல்லது 27ஆவது ஆண்டு. கீசாவில் அவருக்காக எழுந்த பெரிய பிரமிடின் வேலை முடியும் கட்டம்.

மெரெரின் கீழ் சுமார் 40 பேர். நைல் நதியின் கிழக்குக் கரையில் துரா. அங்கே வெட்டிய வெண்ணிறச் சுண்ணாம்புக்கல்தான் பிரமிடின் வெளிப்புறத்தை மூடியது. மேற்குக் கரையில் கீசா. பத்து நாளைக்கு இரண்டு அல்லது மூன்று நடை அடித்திருக்கிறார்கள். மாதத்துக்குச் சுமார் 200 கற்கள் வரை இந்த ஒரு குழுவே கொண்டுவந்து சேர்த்திருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் கணிப்பு. திசையும் சாதகமாக இருந்தது. துரா நதியின் மேல் பக்கம், கீசா கீழ் பக்கம். பாரம் ஏற்றிய படகை நீரோட்டம் இழுத்துச் செல்லும். காலிப் படகை வடக்கிலிருந்து வீசும் காற்று பாய்மரத்தில் பிடித்துத் திருப்பி அனுப்பும்.

ஆனால் கீசா மேட்டுக்கும் நைலின் முதன்மை ஓட்டத்துக்கும் இடையே பல கிலோமீட்டர் நிலம் இருக்கிறதே? அதைக் கடக்க நதியையே உள்ளே இழுத்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் நைலின் ஒரு கிளை மேட்டின் அடிவாரத்தை ஒட்டி ஓடியது என்பதை, மண்ணடுக்குகளில் படிந்த மகரந்தத் துகள்களை ஆராய்ந்து 2022இல் வெளிவந்த ஆய்வு உறுதிப்படுத்தியது. அதிலிருந்து கால்வாயும் நீர்த்தேக்கமும் வெட்டினார்கள். கோடையில் நைல் பெருகும்போது அவை நிரம்பும். கனமான கல்லைப் பிரமிடுக்கு வெகு அருகில் இறக்கலாம். அந்தத் தேக்கத்தின் வாயிலில் ஒரு நிர்வாக மையம் இருந்தது. பொறுப்பாளர் அங்க்ஹாஃப், குஃபுவின் மாற்றாந்தாய்ச் சகோதரர். அரச குடும்பத்தின் மிகப் பெரிய புள்ளிகளில் ஒருவரை மன்னர் வைத்த இடம் படகுத்துறை. முக்கியமான வேலை எது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இனிக் கணக்குக்கு வருவோம். பெரிய பிரமிடின் அடி ஒவ்வொரு பக்கமும் 230 மீட்டர், உயரம் முதலில் 146 மீட்டருக்குச் சற்று மேல். ஏறத்தாழ 23 லட்சம் கற்கள், சராசரியாக ஒன்று 2.5 டன். 27 ஆண்டு, ஆண்டு முழுவதும், நாளுக்குப் பத்து மணி நேரம் என்று தாராளமாக வைத்தாலும் ஒரு நாளைக்கு 233 கற்கள், மணிக்கு 23. கேட்டால் மலைப்பாக இருக்கும். மாதம் 200 கல் கொண்டுவரும் படகுகளை நம்பி இது நடக்காது, நடக்கவும் இல்லை. உள்ளே நிரப்பிய கற்களில் பெரும்பகுதி பிரமிடுக்குத் தெற்கே சில நூறு மீட்டர் தொலைவில் இருந்த குவாரியில் வெட்டியவைதான். அழகான கல் தூரத்திலிருந்து, மலிவான கல் காலடியிலிருந்து. உள்ளறையின் மேல் பாவிய பல பத்து டன் கருங்கல் உத்தரங்கள் மட்டும் 800 கிலோமீட்டருக்கும் மேல் தெற்கே உள்ள அஸ்வானிலிருந்து நதிவழி வந்தன.

இழுப்பதற்கு எத்தனை பேர்? 2.5 டன் கல்லைச் சறுக்குக் கட்டையில் வைத்து, நனைத்த பாதையில் இழுத்தால் உராய்வை வெல்ல ஏறத்தாழ 750 கிலோ எடைக்கு நிகரான விசை போதும். ஓர் ஆள் தொடர்ந்து 35, 40 கிலோ அளவுக்கு இழுப்பார் என்றால் 20 பேர். சரிவில் ஏற்றும்போது ஆள் கூடும், இப்போதைக்கு விட்டுவிடுவோம். ஒரு குழு நாளுக்கு ஐந்து நடை அடித்தால் 233 கல்லுக்கு 47 குழுக்கள் வேண்டும். மொத்தம் 940 பேர். பிரமிடின் பாதி உயரத்துக்குள்ளேயே அதன் கன அளவில் எட்டில் ஏழு பங்கு முடிந்துவிடுவதால் தொடக்க ஆண்டுகளில் வேகம் பன்மடங்கு இருந்திருக்கும். சரிவையும் சேர்த்து மூன்று மடங்காக்கினாலும் மூவாயிரம் பேரைத் தாண்டாது.

கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரொடோட்டஸ் ஒரு லட்சம் பேர் என்று எழுதினார். பிரமிடு கட்டி இரண்டாயிரம் ஆண்டு கழித்துக் கேள்விப்பட்டதை வைத்து எழுதியது. இன்றைய ஆய்வாளர்கள் பெரும்பாலும் 10,000 முதல் 25,000 வரை சொல்கிறார்கள். அதிலும் கல் இழுத்தவர்கள் சிறுபான்மை என்றால் மற்றவர்கள் என்ன செய்தார்கள்?

ரொட்டி சுட்டார்கள். பானை வனைந்தார்கள். விறகு பொறுக்கினார்கள், தண்ணீர் சுமந்தார்கள், உளி தீட்டினார்கள். பிரமிடுகளுக்குத் தெற்கே தொல்லியலாளர் மார்க் லேனரின் குழு பல ஆண்டுகளாகத் தோண்டிவரும் ஹெய்த் அல்-குராப் என்ற குடியிருப்பில் இது கண்கூடு. குஃபுவுக்கு அடுத்து வந்த மன்னர்களின் காலத்தது அது. 1991இல் அங்கே இரண்டு ரொட்டிக்கூடங்கள் வெளிப்பட்டன. மணி வடிவத்தில் தடித்த மண்பானைகள். அவற்றை அடுக்கித் தீயில் பழுக்கக் காய்ச்சி, தணல் நிரம்பிய குழியில் வரிசையாக இறக்கி, மாவை ஊற்றி, காய்ச்சிய இன்னொரு பானையைக் கவிழ்த்து மூடுவார்கள். உள்ளிருந்தே சூடு ஏறிக் கூம்பு வடிவ ரொட்டி வேகும். எம்மர் என்ற பழைய வகைக் கோதுமையும் பார்லியும்தான் மாவு. அதே தானியத்திலிருந்து பீர். ஆயிரக்கணக்கான வயிறுகளுக்குத் தினமும் இது நடந்தாக வேண்டும்.  கூடவே இறைச்சியும் உண்டு. மாடு, செம்மறி, வெள்ளாடு ஆகியவற்றின் எலும்புகள் அங்கே குவியலாகக் கிடைத்தன. மாடுகளில் பெரும்பாலானவை இளம் காளைகள்.

மெரெரின் ஏட்டிலும் சோறுதான் படகை நகர்த்துகிறது. பத்துப் பேருக்குத் தலைவரான இஜெரு என்பவர் ஹீலியோபோலிஸ் நகருக்கு உணவு எடுத்துவரப் படகில் அனுப்பப்படுகிறார். சில நாளில் 40 மூட்டையுடன் திரும்புகிறார். உடன் கிடைத்த கணக்கு ஏடுகளில் கருப்பு மையிலும் சிவப்பு மையிலும் கட்டம் கட்டி, வரவேண்டியது எவ்வளவு, வந்தது எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று எழுதியிருக்கிறார்கள்.

செம்பும் தனிக் கவலை. இரும்பு இல்லாத காலம். சுண்ணாம்புக்கல்லைச் செம்பு உளி வெட்டும், ஆனால் சீக்கிரம் மழுங்கும். தீட்டத் தீட்டத் தேயும். கருங்கல்லிடம் அது செல்லாது. அங்கே டாலரைட் என்ற கடினமான கல்லின் உருண்டைகளால் இடித்துப் பொடித்தார்கள், அல்லது செம்புத் தகட்டின் அடியில் மணல் போட்டு அறுத்தார்கள். வெட்டுவது மணல், தகடு அதை உராய வைப்பது மட்டுமே. இந்தச் செம்பில் பெரும்பகுதி சினாய் தீபகற்பத்திலிருந்து வந்தது. அதற்காகத்தான் செங்கடல் ஓரத்தில் வாடி அல்-ஜர்ஃப் என்ற துறைமுகம். பாறையில் குடைந்த சுமார் 30 கூடங்களில் படகுகளைப் பிரித்துப் பாகம் பாகமாக அடுக்கி வைத்தார்கள். நைலில் கல் ஏற்றிய மெரெரின் ஏடுகள் கிடைத்ததும் அங்கேதான். வெள்ள காலத்தில் கல், வேறு பருவத்தில் செம்பு: ஒரே குழுவை ஆண்டு முழுவதும் சும்மா இருக்க விடவில்லை.

பாதையை நனைப்பது பற்றி ஒரு வார்த்தை. கி.மு. 1900 வாக்கில் வாழ்ந்த ஜெஹுதிஹோதெப் என்ற ஆளுநரின் கல்லறையில் ஓர் ஓவியம் உண்டு. பிரம்மாண்டமான சிலையை வரிசை வரிசையாக ஆட்கள் இழுக்க, சறுக்குக் கட்டையின் முனையில் நின்று ஒருவர் தரையில் நீர் ஊற்றுகிறார். வெகுகாலம் அதைச் சடங்கு என்றே பலர் நினைத்தார்கள். 2014இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் சோதித்தார்கள். உலர்ந்த மணல் கட்டைக்கு முன்னால் குவிந்து தடுக்கிறது. சரியான அளவு ஈரம் இருந்தால் மணல்துகள்களுக்கு இடையே நீர் மெல்லிய பாலம் போட்டுப் பிடித்துக்கொள்கிறது. தரை இறுகுகிறது, இழுவிசை பாதியாகக் குறைகிறது. நீர் கூடினால் மறுபடியும் கெடும். கீசாவில் பாதைகள் பெரும்பாலும் சுண்ணாம்புக்கல் சில்லும் களிமண்ணும் கொட்டி இறுக்கியவை என்பதால் மணல் கணக்கை அப்படியே அங்கே பொருத்தக் கூடாது. ஈரக் களிமண் வழுக்கும் என்பதற்கு ஆய்வகமும் தேவையில்லை.

சாய்தளம் நேராகப் போனதா, பிரமிடைச் சுற்றி வளைந்து ஏறியதா என்று இன்றும் சண்டை ஓயவில்லை. எனக்கு அந்தச் சண்டையைவிட, குஃபு காலத்து ஹாட்னூப் குவாரியில் 2018இல் அறிவிக்கப்பட்ட கண்டுபிடிப்பு சுவையாகப் படுகிறது. செங்குத்தான சாய்தளம், இருபுறமும் படிக்கட்டு, ஓரங்களில் தடித்த மரத்தூண்கள் நட்ட குழிகள். கயிற்றைத் தூணில் சுற்றினால் மேலே நிற்பவர்களோடு கீழே நிற்பவர்களும் சேர்ந்து இழுக்கலாம். இருபது சதவீதச் சரிவிலும் கல் ஏறும்.

வேலை முடிந்ததும் கீசாவின் சாய்தளங்களை உடைத்து அகற்ற வேண்டியிருந்தது. லட்சக்கணக்கான கன மீட்டர் சில்லும் களிமண்ணும் ஜிப்சமும். தெற்குக் குவாரியை நவீன காலத்தில் தோண்டியபோது உள்ளே நிரம்பிக் கிடந்தவை அவையே. கல் எடுத்த பள்ளத்திலேயே குப்பையைக் கொட்டியிருக்கிறார்கள். தூரம் குறைவு, இறக்கமும்கூட.