மூன்று வேலை செய்யும் ஒரே மருந்து: கார்வெடிலால் சாப்பிடுபவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த் பக்கம் மருந்தாளுநராக வேலை செய்கிறேன். பிரஷர் மாத்திரை வாங்க வருபவர்கள் அடிக்கடி கேட்பது இது: "ரெண்டு மருந்து ஒரே மாத்திரையில இருக்குன்னு சொல்றாங்களே, ஒத்துக்காததை மட்டும் எடுத்துட முடியாதா?"

எந்த மாத்திரை என்பதைப் பொறுத்துத்தான் பதில். பெரிண்டோபிரிலும் அம்லோடிபினும் சேர்ந்த மாத்திரை என்றால், அவை இரண்டு தனித்தனி மருந்துகள், ஒரே மாத்திரையாக அழுத்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அம்லோடிபினால் கால் வீங்கினால் டாக்டர் அதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் எழுதித் தரலாம். கார்வெடிலால், லபெட்டலால் இரண்டும் வேறு வகை. அங்கே மருந்தே ஒன்றுதான், அந்த ஒரே மூலக்கூறு பல இடத்தில் வேலை செய்கிறது, அதனால் வேண்டாத வேலையை மட்டும் கழற்றி எடுக்க யாராலும் முடியாது.

கார்வெடிலால் இதயத்தில் இருக்கும் பீட்டா-1 ஏற்பிகளை (உடம்பின் ஹார்மோன்கள் வந்து ஒட்டி வேலை வாங்கும் இடங்களை) அடைத்துத் துடிப்பைத் தணிக்கிறது, இரத்தக் குழாயில் இருக்கும் ஆல்ஃபா-1 ஏற்பிகளை அடைத்துக் குழாயை விரிக்கிறது, கூடவே மூச்சுக்குழாயில் இருக்கும் பீட்டா-2 ஏற்பிகளையும் அடைத்துவிடுகிறது. முதல் இரண்டும் நமக்கு வேண்டியவை. இதயம் பலவீனமானவர்களுக்கு இப்படி பீட்டா ஏற்பிகளை அடைக்கும் பீட்டா தடுப்பான் கொடுக்கவே கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் உண்டு. 2001-ல் வெளியான கோப்பர்னிக்கஸ் ஆய்வில், கடுமையான இதயச் செயலிழப்பு உள்ள 2,289 பேரில் கார்வெடிலால் எடுத்தவர்களிடம் இறப்பு 35 சதவீதம் குறைந்தது. அருமையான மருந்து, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் பல வேலை செய்யும் மருந்து என்றாலே மேல் என்று நினைத்துவிடாதீர்கள். ஓமபாட்ரிலாட் என்ற மருந்து ஏஸ், நெப்ரிலைசின் என்ற இரண்டு நொதிகளையும் ஒரே மூலக்கூறால் தடுத்தது, பிரஷரையும் நன்றாகவே குறைத்தது. பிராடிகினின் என்ற பொருளை உடைப்பதிலும் அதே இரண்டு நொதிகளுக்கு முக்கியப் பங்கு உண்டு. இரண்டும் அடைபட்டதால் அது உடம்பில் தேங்கி, சிலருக்கு முகமும் நாக்கும் தொண்டையும் வீங்கின. 25,000 பேருக்கு மேல் சேர்ந்த ஆய்வில் அந்த வீக்கம் ஓமபாட்ரிலாட் எடுத்தவர்களில் 2.17 சதவீதம், ஏஸை மட்டும் தடுக்கும் எனாலாபிரில் எடுத்தவர்களில் 0.68 சதவீதம். ஓமபாட்ரிலாட் எடுத்த கறுப்பின மக்களிடம் 5.5 சதவீதம். மருந்து சந்தைக்கே வரவில்லை.

சரி, நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். புரட்டாசி விரதம், ஆடிக் கூழ், தைப்பூசக் காவடி என்று வருஷத்தில் பல நாள் நம்மவர்கள் வயிற்றைக் காயப்போடுகிறோம். கார்வெடிலாலை உணவோடுதான் எடுக்க வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் சீக்கிரம் இரத்தத்தில் கலந்து, எழுந்து நிற்கும்போது பிரஷர் சட்டென்று இறங்கித் தலை சுற்றும். இதில் காவடியைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு வெயிலில் நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் இருக்கிறது: சுகர் இறங்கும்போது வரும் படபடப்பையும் கை நடுக்கத்தையும் இந்த மருந்து மறைத்துவிடும், வியர்வை மட்டும் வரும். விரத நாளில் திடீரென்று வியர்த்தால் வெயில் என்று விட்டுவிடாமல் உடனே சுகரைப் பாருங்கள், குறைந்திருந்தால் இனிப்பாக ஏதாவது சாப்பிடுங்கள், விரதம் அப்புறம். இதெல்லாம் விரதத்துக்கு முன்பே டாக்டரிடம் பேச வேண்டியது, நீங்களாக மருந்தை நிறுத்துவது அதைவிட மோசம்.

ஆஸ்துமா பம்ப் வைத்திருப்பவர்கள் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். பம்ப்பில் இருக்கும் சால்பியூட்டமால் பீட்டா-2-ஐத் தூண்டி மூச்சைத் திறக்கிறது, கார்வெடிலால் அதே இடத்தை அடைக்கிறது. ஆஸ்துமாக்காரர்களுக்கு இந்த மருந்து கூடாது, லபெட்டலாலும் அப்படித்தான். கர்ப்பகாலத்தில் பிரஷர் ஏறும் பெண்களுக்கு லபெட்டலால் பல நாடுகளில் பயன்படும் மருந்து என்பதால், சின்ன வயதில் இழுப்பு இருந்திருந்தால் அதையும் அங்கே சொல்லிவிட வேண்டும்.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது இரண்டு இடத்தில் மருந்து வாங்குவது. அரசு கிளினிக்கில் அட்டெனலால், தனியார் டாக்டரிடம் கார்வெடிலால், இரண்டும் பீட்டா தடுப்பான் என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. புரோஸ்டேட்டுக்கு டாக்சசோசின் எடுக்கும் தாத்தாவுக்குக் கார்வெடிலாலும் சேர்ந்தால் ஆல்ஃபா அடைப்பு இரட்டிப்பாகிறது, இரவில் பாத்ரூம் போக எழுந்தவர் விழுந்து இடுப்பை முறித்துக்கொள்ளலாம். இரண்டு இடத்து மாத்திரைகளையும் ஒரே பையில் போட்டு மருந்தாளுநரிடம் காட்டுங்கள், பார்த்துச் சொல்ல எங்களுக்குக் கொஞ்ச நேரம் போதும்.

டிசம்பர் லீவுக்கு இந்தியா கிளம்புபவர்கள் போதுமான மாத்திரையைக் கையோடு எடுத்துப் போங்கள். இதய நோய் உள்ளவர்கள் இதைச் சட்டென்று விட்டால் நெஞ்சுவலி, ஏன் மாரடைப்புகூட வரலாம். நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்றால் டாக்டரே ஒன்று, இரண்டு வாரத்தில் அளவைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்.