கோபம் ஏறினால் அடுத்தவர் மனசு ஏன் தெரியாமல் போகிறது?

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் 17 வயதுப் பிள்ளை ஒருத்தி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அம்மா குவைத்தில் வீட்டு வேலை செய்கிறார், அவளை வளர்ப்பது அம்மாயி. அம்மாவுக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியில் நீலக் குறி விழுந்துவிட்டது, பதில் மட்டும் வரவில்லை. "அம்மாவுக்கு நான் வேணாம்" என்று அந்த நிமிடமே அவள் முடிவு கட்டிவிடுகிறாள். வாசித்த கையோடு அம்மாவை யாராவது வேலைக்குக் கூப்பிட்டிருக்கலாம். சொல்ல நல்ல செய்தி இல்லையென்று தள்ளிப்போட்டும் இருக்கலாம். இதெல்லாம் அப்போது அவள் நினைப்பில் வராது.

ஒருவரின் செயலுக்குப் பின்னால் ஓர் எண்ணமோ பயமோ ஆசையோ இருக்கிறது என்று யோசிக்கும் திறனை உளவியலில் மென்டலைசேஷன் என்கிறார்கள். மனமறிதல் என்று சொல்லலாம். நம் மனசை நாமே பார்ப்பதும் இதில் சேரும்.

இது பிறக்கும்போதே முழுதாக வருவதில்லை. குழந்தை அழுகிறது. தூக்குபவர் முகத்தைச் சுருக்கி, "ஐயோ, தங்கத்துக்குப் பசிக்குதா?" என்கிறார். அந்தக் குரலில் குழந்தையின் வேதனை தெரியும், ஆனால் தூக்கியவர் தானும் கலங்கிப்போகவில்லை என்பதும் தெரியும். இப்படித் திரும்பத் திரும்ப நடக்கையில்தான் 'எனக்குள் இருப்பது இதுதான்' என்று குழந்தை படிக்கிறது. இதைச் செய்பவர் பெற்ற தாயாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. அம்மாயியும் செய்யலாம், பிள்ளைக்காம்பராவில் பார்த்துக்கொள்ளும் அக்காவும் செய்யலாம். வெளிநாடு போன தாய்மாரைக் குற்றம் சொல்ல இந்த அறிவியலை யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

சரி, வளர்ந்த திறன் ஏன் தடுமாறுகிறது? உணர்ச்சி ஓர் அளவைத் தாண்டினால், நிதானமாக யோசிக்கும் மூளையின் முன்பகுதி பின்வாங்கி, தற்காப்புக்கான வேகமான பகுதிகள் முந்திக்கொள்கின்றன. சண்டையானால் அடுத்த காம்பராவுக்கும் கேட்கும் லயத்து வாழ்க்கையில், ஆறுவதற்கு ஓர் ஓரம்கூடக் கிடைப்பது கஷ்டம். அப்போது மனம் மூன்று பழைய வழிகளில் ஏதோ ஒன்றுக்குத் திரும்பும். ஒன்று, 'நான் நினைப்பதே உண்மை' என்பது. இன்னொன்று, உணர்வே ஒட்டாமல் வார்த்தை வார்த்தையாகப் பேசிக்கொண்டிருப்பது. மூன்றாவதில் கண்ணால் காணும் செயல் மட்டுமே சாட்சி: காசு வந்தால் பாசம் உண்டு, வராவிட்டால் இல்லை. வெளிநாட்டுச் சம்பளத்தை நம்பியிருக்கும் குடும்பங்களில் இந்த மூன்றாவது நிறைய மனங்களை அறுக்கிறது என்று நினைக்கிறேன்.

லண்டனில் அந்தனி பேட்மன், பீட்டர் ஃபோனகி என்ற இருவர், எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு (உணர்ச்சிகளும் உறவுகளும் அடிக்கடி நிலைகுலையும் மனநலப் பிரச்சினை) உள்ளவர்களுக்காக, மனமறிதலை மீட்டெடுக்க உதவும் ஒரு பேச்சுச் சிகிச்சையை உருவாக்கி, 1999இல் முதல் ஆய்வு முடிவை வெளியிட்டார்கள். அப்புறம் இளையோருக்கும் வந்தது. தங்களைத் தாங்களே காயப்படுத்திக்கொண்ட 80 இளையோரிடம் நடந்து 2012இல் வெளியான ஆய்வில், ஓராண்டுக்குப் பிறகு, இந்தச் சிகிச்சை பெற்றவர்களில் 44 சதவீதத்தினர் காயப்படுத்திக்கொள்வதிலிருந்து மீண்டிருந்தார்கள். வழக்கமான கவனிப்புப் பெற்றவர்களில் அது 17 சதவீதம். ஆய்வு சிறியதுதான், வித்தியாசம் சிறியதல்ல.

சிகிச்சையாளர் செய்வது என்ன? "அம்மா உன்மேல் பாசமாகத்தான் இருக்கிறார்" என்று அவர் சொல்வதில்லை. அந்த அம்மாவின் மனசு அவருக்கும் தெரியாதே. "கொஞ்சம் இருங்க மகள், பின்னுக்குப் போவோம். நீலக் குறியைப் பார்த்ததும் முதல்ல மனசுல என்ன வந்திச்சு?" என்று கேட்பார். பேச்சு சூடாகிவிட்டால் ஆராய்ச்சியை விட்டுவிட்டு முதலில் ஆறவிடுவார். நாமோ அழும் பிள்ளைக்கு உடனே புத்தி சொல்லத் தொடங்குகிறோம். கொதிக்கும் நேரத்தில் அது உள்ளே போகாது. அவள் ஆறிய பிறகு, "அப்ப பயமா இருந்திச்சு" என்ற ஒரு வரி அவள் வாயிலிருந்தே வந்தால் போதும். அம்மாவைத் திட்டி அனுப்ப இருந்த செய்தி, "ஏம்மா பதில் போடல?" என்ற கேள்வியாக மாறக்கூடும்.

உயிரை மாய்க்கும் எண்ணம் வந்தால் ஆறும்வரை காத்திருக்க வேண்டாம். இலங்கையில் தேசிய மனநல உதவி இலக்கமான 1926ஐ உடனே அழையுங்கள்.