ஜீன்களை எண்ணி முடித்த பிறகு

நியூயார்க் நகரை ஒட்டிய லாங் ஐலண்டில் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகம் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு அங்கே நடந்த ஜீனோம் (ஓர் உயிரின் டி.என்.ஏ. முழுவதும்) மாநாட்டில் இவான் பர்னி என்ற ஆய்வாளர் ஒரு நோட்டைத் திறந்து வைத்துப் பந்தயம் கட்டச் சொன்னார். கேள்வி ஒன்றுதான்: புரதம் செய்யும் ஜீன்கள் மனிதனுக்கு எத்தனை? அந்த வருடம் கட்டணம் 1 டாலர், அடுத்த வருடம் 5, அதற்கடுத்து 20. தகவல் சேரச் சேர ஊகிப்பது சுலபமாகிவிடுமே, அதனால் விலை ஏற்றம் நியாயம்தான்.

ஒரு லட்சத்துக்கு மேல் எழுதியவர்களும் உண்டு. 2003-இல் முடிவு அறிவித்தபோது கணக்கு 25,000-க்கும் கீழே நின்றது. அவ்வளவு குறைவாக ஒருவரும் எழுதவில்லை! இருந்ததிலேயே சின்ன எண்ணான 25,947-ஐ எழுதிய லீ ரோவனுக்குப் பரிசில் பெரிய பங்கு போனது. இன்றைய கணக்கு இன்னும் இறங்கி, சுமார் 20,000. ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள சி. எலிகன்ஸ் என்ற குட்டி உருளைப்புழுவுக்கும் (இது மண்புழு அல்ல) ஏறக்குறைய இதே அளவுதான்; அதன் உடல் செல்களோ வெறும் 959. நெல்லுக்கு 30,000-க்கும் மேல்.

அப்படியென்றால் நம் உடலின் சிக்கல் எங்கே இருக்கிறது? பெரும்பகுதி, செல் ஒரு ஜீனை எப்போது, எங்கே, எப்படிப் படிக்கிறது என்பதில். ஒரு ஜீனிலிருந்து எடுத்த ஆர்.என்.ஏ. நகலைச் செல் அப்படியே பயன்படுத்துவதில்லை. எடிட்டர் படச்சுருளை வெட்டுவதுபோல் நடுவில் சில துண்டுகளை நீக்கி மீதியை ஒட்டுகிறது. எதை நீக்குவது என்பது இடத்துக்கு இடம் மாறும். கால்சிட்டோனின் ஜீனைப் பாருங்கள். தைராய்டில் அது ரத்தக் கால்சியத்தைக் குறைக்கும் ஹார்மோனைத் தருகிறது. நரம்பு செல்லில் அதே ஜீன் சி.ஜி.ஆர்.பி. என்ற வேறொரு பொருளைத் தருகிறது. அது ரத்தக்குழாயை விரிக்கும், ஒற்றைத் தலைவலியிலும் அதற்குப் பங்கு உண்டு. அதைத் தடுக்கும் மருந்துகள் இப்போது சந்தையில் உள்ளன. டி.என்.ஏ.வை மட்டும் படித்தால் இந்த வித்தியாசம் கண்ணில் படாது, ஏனென்றால் இரண்டு செல்லிலும் டி.என்.ஏ. ஒன்றே.

அதனால்தான் இன்றைய மாநாடுகளில் மல்டி-ஓமிக்ஸ் பற்றி இவ்வளவு பேச்சு. ஒரே ஆளிடம் எடுத்த ஒரே ரத்த அல்லது திசு மாதிரியில் டி.என்.ஏ., ஆர்.என்.ஏ., புரதம் என்று பல அடுக்குகளை அளப்பதுதான் விஷயம். ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ. நகலாக மாற்றி, துண்டுகளைப் படித்து எண்ணலாம். புரதம் அவ்வளவு சுலபமில்லை. டிரிப்சின் நொதியால் நறுக்கி, நிறை நிறமாலைமானி என்ற கருவியில் துண்டுகளின் நிறையை அளந்து, எந்தப் புரதம் என்று ஊகிக்க வேண்டும். ரத்தத்தில் இன்னொரு தொல்லை: பிளாஸ்மா புரதத்தில் பாதிக்கு மேல் அல்புமின்தான், அரிதானவை அதற்குள் மறைந்துபோகும். சர்க்கரை, கொழுப்பு அமிலம் போன்ற சிறு மூலக்கூறுகள் தனி அடுக்கு.

ஓர் அடுக்கை வைத்து அடுத்ததை யூகித்தால் போதாதா? போதாது. பி53 என்ற புரதம் சாதாரண செல்லில் சில நிமிடங்களில் சிதைந்துவிடும். கண் லென்ஸில் உள்ள கிரிஸ்டலின் என்ற புரதமோ ஆயுள் முழுக்க இருக்கும். ஆர்.என்.ஏ. அளவைப் பார்த்துப் புரத அளவைச் சொல்ல முடியாமல் போவதற்கு இது ஒரு காரணம்.

இதன் பயனைக் காட்டியது 2012-இல் வந்த ஓர் ஆய்வு. ஸ்டான்ஃபோர்டின் மைக்கேல் ஸ்னைடர் 14 மாதங்கள் தன் ரத்தத்தையே அடுக்கடுக்காக அளந்தார். ஜீனோம், இரண்டாம் வகை நீரிழிவுக்கான வாய்ப்பு அதிகம் என்றது. பார்க்க ஒல்லியான மனிதர். ஆய்வின் நடுவே ஒரு வைரஸ் தொற்று வந்தது, அப்புறம் ரத்தச் சர்க்கரை ஏறியது. உணவையும் உடற்பயிற்சியையும் மாற்றி அதை இறக்கினார். வைரஸ்தான் காரணம் என்று ஒரே ஆளை வைத்து நிரூபிக்க முடியாது, ஆனால் எந்த நாளில் எந்த அடுக்கு அசைந்தது என்று பார்க்க முடிந்தது.

எனக்கு இதில் கவலை தருவது கருவியல்ல, கணக்கு. ஒரு நோயோடு தொடர்பு உண்டா என்று 20,000 ஜீன்களைத் தனித்தனியே சோதித்து, தற்செயலுக்கு 5 சதவீதம் இடம் விட்டால், நோயோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஜீன்களில்கூட 1,000 வரை 'தொடர்பு உண்டு' என்று வந்து நிற்கும். அடுக்குகள் கூடினால் இந்தப் போலிகளும் கூடும். அந்த 5 சதவீத வரம்பை இறுக்கிய பிறகும், முடிவை முற்றிலும் வேறு நோயாளிகளிடம் மறுபடி சோதித்துப் பார்த்தார்களா என்பதைத்தான் இத்தகைய ஆய்வில் முதலில் தேடுவேன்.